பாதியில் நின்ற வேலைக்கும் ஓர் இடம்: மழலையர் பள்ளியில் கலைக்கூடம் அமைக்கும் முறை

மழலையர் பள்ளியில் கலைக்கூடம் அமைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் எந்த வண்ணங்களை வாங்கலாம், எத்தனை மேசைகள் போடலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஈரம் காயாத ஓவியத்தையும் பாதி செய்த களிமண் உருவத்தையும் நாளை காலை வரை எங்கே வைக்கப் போகிறீர்கள்? இதற்கு விடை வைத்திருக்கும் இடம் அறையின் ஒரு மூலையாகவே இருந்தாலும் அது கலைக்கூடம்தான். விடை இல்லாத இடத்தில் பொருட்கள் எவ்வளவு நிறைந்திருந்தாலும், குழந்தைகள் அங்கே செய்வது மணி அடிப்பதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய கைவேலையாகவே நின்றுவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் பிழை ஒன்றிலிருந்து. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி களிமண்ணில் பறவை செய்துகொண்டிருந்தாள். உடலும் தலையும் உருவாகிவிட்டன. கால்கள் மட்டும் உடலின் எடையைத் தாங்காமல் மடங்கி மடங்கி விழுந்தன. மூன்று முறை கால்களைப் பிய்த்துவிட்டு மறுபடி செய்தாள். நான்காவது முறை தொடங்குவதற்குள் வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. மறுநாள் காலை தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு ஓடி வந்து, "டீச்சர், காலைக் குட்டையா வச்சா நிக்கும்" என்றாள். முந்தின நாள் மாலை மேசையைச் சுத்தம் செய்தபோது அந்தப் பறவையை உருட்டிக் களிமண் வாளியில் போட்டவள் நான்தான். இரவு முழுவதும் மனத்தில் வைத்திருந்து அவள் கண்டுபிடித்த வழியைச் சோதித்துப் பார்க்க, அங்கே பறவை இல்லை.

குழந்தைகளின் வேலையைப் பத்திரப்படுத்துவது அன்புக்காக மட்டுமன்று. கலைப்பொருளின் இயல்பே அதைக் கேட்கிறது. இரவில் தளர்வாக மூடி வைத்த களிமண் மறுநாள் சற்று இறுகி, முதல் நாள் தாங்காத எடையைத் தாங்கும். முதல் பூச்சு காய்ந்த பிறகு மேலே பூசும் வண்ணம் கலங்காமல் தெளிவாக நிற்கும். பசையில் நனைத்து ஒட்டிய காகித அடுக்குகள் உலர்ந்தால்தான் அடுத்த அடுக்கை ஏற்கும். ஒரே அமர்வில் எல்லாம் முடிய வேண்டும் என்ற ஏற்பாட்டில் இந்த இயல்புகளில் ஒன்றைக்கூடக் குழந்தை அறிய வழியில்லை.

சிறுவர்களுக்கெனத் தனிக் கலை வகுப்பு என்ற எண்ணம் பழையது. வியன்னாவில் ஓவிய ஆசிரியர் பிரான்ஸ் சிசெக் 1897ஆம் ஆண்டில் தொடங்கிய வகுப்பில், பெரியவர்களின் படங்களைப் பார்த்து வரையச் சொல்லாமல் சிறுவர்களை அவர்கள் போக்கிலேயே வரைய விட்டார். மழலையர் பள்ளிக்குள்ளேயே கலைக்கூடத்தை ஓர் உறுப்பாக்கிய பெருமை வட இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்துக்கு உரியது. அந்நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியை 1963இல் திறந்தது. கல்வியாளர் லோரிஸ் மாலகுட்சியின் வழிகாட்டலில் வளர்ந்த அந்நகரப் பள்ளிகளில் 'அதெலியே' என்ற கலைக்கூடமும், கலைப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையும், வகுப்பறைகளை ஒட்டிச் சிறு கலைக்கூடங்களும் இடம்பெற்றன. நமக்கு அதிலிருந்து பயன்படுவது கட்டட அமைப்பைவிட, அந்த இடத்தை அவர்கள் பயன்படுத்திய விதம்தான். வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி, எடுத்துக்காட்டாக நிழல் ஏன் நீள்கிறது என்பது, கலைக்கூடத்துக்கு வந்து வரைபடமாகவும் களிமண்ணாகவும் கம்பியாகவும் பல நாட்கள் தொடரும். எனவே கலைக்கூடம் 'ஓவிய வகுப்பு' என்ற ஒற்றைப் பாடவேளைக்குள் அடங்கிவிடக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தனி அறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வகுப்பறையில் இரண்டு சுவர்கள் சேரும் ஒரு மூலை போதும். மூன்றாவது பக்கத்தில் குழந்தையின் மார்பளவு உயரமுள்ள திறந்த அலமாரியை வைத்துவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு ஓர் ஒதுக்கம் கிடைக்கும். ஆசிரியரின் பார்வையும் தடைபடாது. அத்தகைய மூலையில் ஒரே நேரத்தில் நான்கு முதல் ஆறு குழந்தைகளுக்கு மேல் வேலை செய்யாதிருப்பது நல்லது.

தண்ணீர்க் குழாய் அருகில் இருப்பதை மற்ற எல்லா வசதிகளுக்கும் மேலாக நான் கருதுகிறேன். குழாய் தொலைவில் இருந்தால், குழந்தை கை கழுவப் போகும் ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவர் உடன் நடக்க வேண்டியிருக்கும். சில நாட்களில் அந்தச் சலிப்பாலேயே ஈரமான வேலைகள் மெல்லக் குறைந்து, கிரேயானும் வெள்ளைத்தாளும் மட்டுமே மிஞ்சும். குழாய்க்கு வழியே இல்லையென்றால், கழுவ ஒன்று, அலச ஒன்று என இரண்டு அகன்ற தொட்டிகளைக் குழந்தைகளின் இடுப்புயரத்தில் வைத்து, வேலை முடிந்ததும் தவறாமல் நீரைக் கொட்டிவிட வேண்டும். தேங்கிய நீர் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது. தரை வழுக்காததாகவும் ஈரத்துணியால் துடைக்கத் தக்கதாகவும் இருக்கட்டும். கம்பளம் விரித்த தரை இதற்கு ஒத்துவராது.

வெளிச்சம் பக்கவாட்டுச் சன்னலிலிருந்து வந்தால் களிமண் உருவங்களின் மேடு பள்ளங்கள் நன்றாகத் தெரியும். நேர் வெயில் விழும் இடம் வேண்டாம். தாள் கண்ணைக் கூசச் செய்யும், கிண்ணத்து வண்ணம் விரைவில் காயும். மின்விளக்கு தேவையென்றால் நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அது குறைந்த விளக்கின்கீழ் சிவப்பும் பழுப்பும் மங்கி, குழந்தை கலந்த நிறம் ஒன்றும் காணும் நிறம் வேறொன்றுமாகிவிடும். சுவர்களை வெளிர்நிறத்தில் வெறுமையாக விட்டுவிடுங்கள். கேலிச்சித்திரப் பாத்திரங்களைச் சுவரெங்கும் தீட்டுவது குழந்தைகளுக்கு உற்சாகம் தரும் என்று நினைக்கிறோம். வரைய உட்கார்ந்த குழந்தைக்கோ அவை 'இப்படித்தான் வரைய வேண்டும்' என்ற அதட்டலாகிவிடுகின்றன.

மேசை, தரை, செங்குத்துப் பரப்பு

இருக்கையின் உயரத்துக்கும் மேசையின் உயரத்துக்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. இருந்தால் குழந்தையின் தோள்கள் தளர்வாக இருக்கும். பள்ளி மேசை நாற்காலிகளுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 1729, 93 முதல் 116 செ.மீ. உயரமுள்ள குழந்தைகளுக்கு 26 செ.மீ. இருக்கையையும் 46 செ.மீ. மேசையையும், 108 முதல் 121 செ.மீ. உயரமுள்ளவர்களுக்கு 31 செ.மீ. இருக்கையையும் 53 செ.மீ. மேசையையும் வகுத்திருக்கிறது. ஆயினும் எல்லாக் குழந்தைகளையும் உட்கார வைக்க வேண்டும் என்பதில்லை. சிறு குழந்தைகள் நின்றுகொண்டே வரையும்போது முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் கையை வீசுகிறார்கள். கோடுகள் நீண்டு தாராளமாக வருகின்றன. எனவே ஒரு மேசைக்கு நாற்காலிகளே வேண்டாம்.

செங்குத்துப் பரப்புக்குக் கால் வைத்த ஓவியத் தாங்கி வேண்டும் என்பதும் இல்லை. துடைக்கக்கூடிய பலகை ஒன்றைச் சுவரில் பொருத்தி, தாளை நான்கு முனைகளிலும் கிளிப்பால் பிடித்துவிட்டால் அதுவே போதும். இரண்டு குழந்தைகள் அருகருகே நின்று வரையும் அகலம் இருந்தால், ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்; அந்தப் பேச்சு கலைக்கூடத்தின் பெரும் செல்வம். செங்குத்துப் பரப்புக்கு வண்ணம் கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்த வண்ணம் ஒழுகிக் கோட்டை அழித்துவிடுவதைக் கண்டு சில குழந்தைகள் மனம் வாடிவிடுவார்கள். பெரிய தாள்களுக்கும் கட்டுமான வேலைகளுக்கும் தரையிலும் ஓர் இடத்தை ஒழித்து வையுங்கள்.

பொருட்களைக் கொஞ்சமாக, கண்ணில் படும்படி

ஆண்டின் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிடும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். பென்சில், கிரேயான், இரண்டு அளவுத் தாள்கள் ஆகியவற்றோடு தொடங்குங்கள். ஒவ்வொரு புதிய பொருளையும் சிறு குழுவுக்கு அறிமுகம் செய்து, எடுப்பதும் திருப்பி வைப்பதும் பழகிய பிறகு அடுத்ததைச் சேருங்கள். ஒளி ஊடுருவும் கலங்களில் வைத்தால் உள்ளே இருப்பது தெரியும். அலமாரித் தட்டில் அந்தந்தப் பொருளின் உருவத்தைக் கோடாக வரைந்து ஒட்டிவிட்டால், எழுத்து அறியாத குழந்தையும் அதைத் திரும்ப அதே இடத்தில் வைக்கும். கைக்கு எட்டும் அலமாரியில் இருப்பதெல்லாம் கேட்காமல் எடுக்கலாம். கேட்டுத்தான் எடுக்க வேண்டியவை பார்வைக்கே படாத உயரத்தில் இருக்கட்டும்.

வண்ணத்தில் பன்னிரண்டு புட்டிகள் வாங்குவதைவிட, மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை, கறுப்பு ஆகியவற்றை நிறைய வாங்குவது மேல். சிவப்பில் மட்டும் இரண்டு வகை வையுங்கள்: செம்மஞ்சள் சாயலுள்ளது ஒன்று, ஊதாச் சாயலுள்ள மெஜந்தா ஒன்று. முதல் வகையை நீலத்தோடு கலந்தால் பழுப்பே மிஞ்சும். மெஜந்தாவும் நீலமும் சேர்ந்தால்தான் தெளிவான ஊதா கிடைக்கும். பச்சை கலக்கும்போது மஞ்சளில் ஒரு துளி நீலத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் கிண்ணம் நிரம்பும் வரை நீலம் விட்டுக்கொடுக்காது.

தூரிகை கழுவும் பழக்கத்தைச் சொல்லித் தருவதற்கு அரைமணி நேரம் செலவிட்டாலும் அது வீணன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் அடி அகன்ற நீர்க்கிண்ணம், ஈரமான பஞ்சுத் துண்டு, வண்ணத்தட்டு ஆகிய மூன்றும் இருக்கட்டும். தூரிகையை நீரில் மெல்ல ஆட்ட வேண்டும்; கிண்ணத்தின் விளிம்பில் இரு பக்கமும் வழிக்க வேண்டும்; பிறகு பஞ்சில் ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சில் பழைய நிறம் படிந்தால் மீண்டும் நீருக்குப் போக வேண்டும், படியாவிட்டால் அடுத்த வண்ணத்தைத் தொடலாம். தொடக்கத்தில் பல குழந்தைகளுக்கு ஓவியத்தைவிட இந்தக் கழுவுதலே பிடித்துப்போகும். சிவப்பு நூல்போல நீருக்குள் இறங்கிக் கரைவதை ஒரு சிறுவன் முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாள் அன்று வெறுமையாகவே இருந்தது. அதைக் குறையாக எண்ண வேண்டாம். மூன்றாம் நாள் அவன் வரைந்த தாளில் அந்த நூல்கள் இருந்தன. கழுவிய தூரிகைகளை முதலில் படுக்கவைத்து உலர்த்தி, உலர்ந்த பிறகே மயிர் மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். ஈரத்தோடு நிறுத்தினால் நீர் கைப்பிடிக்குள் இறங்கி, பிடிப்பு தளர்ந்துவிடும்.

தீட்டுவதற்கான தாள் 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்) அளவுக்குக் குறையாமல் இருந்தால் ஈரத்தில் கிழியாது. கத்தரிக்கோல்களில் இடக்கைக் குழந்தைகளுக்கானவற்றையும் சேர்த்து, பிடியில் நிற அடையாளம் இடுங்கள். பசையைச் சிறு கிண்ணத்தில் தூரிகையோடு வைத்தால் போதும்.

களிமண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரியவர்கள் தூய்மையைக் காரணம் காட்டி முதலில் விலக்குவது இதைத்தான். செயற்கை மாவுக் களிமண்ணுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு: உண்மையான களிமண்ணுக்குக் கனமும் குளிர்ச்சியும் எதிர்ப்பும் இருக்கின்றன, குழந்தையின் முழு உடலும் அதை அழுத்துவதில் ஈடுபடுகிறது. மிகச் சிறிய உருண்டை தராதீர்கள். இரண்டு கைகளாலும் அள்ளும் அளவு கொடுங்கள். இரு துண்டுகளைச் சேர்க்கும்போது சேரும் முகங்களை முள்கரண்டியால் கீறி, நீரில் குழைத்த களிமண் குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். வெறுமனே ஒட்டினால் காயும்போது கழன்று விழும். மீந்த களிமண்ணைப் பெரிய உருண்டைகளாக்கி, கட்டைவிரலால் குழியிட்டு, குழியில் நீர் ஊற்றி, காற்றுப் புகாத வாளியில் மூடிவிட்டால் அடுத்த நாளுக்கு மென்மையாக இருக்கும். காய்ந்த களிமண் தூளைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அதில் உள்ள நுண்ணிய சிலிக்கா தூசியாக எழும்பி மூச்சோடு உள்ளே செல்லும். ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

பாதுகாப்பில் தளராமல்

கலைப்பொருளின் புட்டியில் ஏ.எஸ்.டி.எம். டி-4236 என்ற அமெரிக்கத் தரக் குறி இருந்தால் நச்சற்றது என்று பொருள் கொள்பவர்கள் பலர். அது, நீண்டகால உடல்நலக் கேடு உண்டா என ஆராய்ந்து, தேவையான எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. குழந்தைகளுக்குத் தேவை, 'ஒப்புதல் பெற்ற பொருள்' என்பதைக் குறிக்கும் ஏ.பி. முத்திரையுள்ள நச்சற்ற பொருள், அல்லது பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 71க்கு உட்பட்டது. தூள் வண்ணத்தைப் பெரியவர்களே, குழந்தைகள் இல்லாத நேரத்தில் நீரில் கரைத்து வைக்க வேண்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் புழங்கும் இடத்தில், தொண்டையில் அடைக்குமா என்று பார்க்கப் பயன்படும் 3.17 செ.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. மணிகளும் பொத்தான்களும் அதனாலேயே அவர்களுக்கு விலக்கு. நீரில் ஊறிப் பெருகும் ஜெல் மணிகள், சிறு காந்தங்கள், பொத்தான் மின்கலங்கள் ஆகியவற்றை எந்த வயதினருக்கும் கலைக்கூடத்துக்குள் கொண்டு வராதீர்கள். விழுங்கினால் குடலையும் உணவுக்குழாயையும் கடுமையாகச் சேதப்படுத்துபவை அவை.

ஈரத்தைத் தொட மறுக்கும் குழந்தையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நீண்ட பிடியுள்ள தூரிகையைக் கொடுங்கள், அல்லது வண்ணத்தை உறுதியான பைக்குள் அடைத்து ஒட்டி, வெளியிலிருந்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு மேசையின் அடியில் முழங்கால் நுழையும் இடமும், அலமாரிவரை தடையற்ற வழியும் வேண்டும்.

நேரமும் பெரியவரின் பங்கும்

இருபது நிமிடக் கலை நேரம் எடுத்து வைக்கவும் திரும்ப அடுக்கவுமே சரியாகிவிடும். இடையூறற்ற நாற்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஒதுக்குங்கள். ஒரே பொருளைக் குறைந்தது ஒரு வாரத்துக்கு மாற்றாமல் வையுங்கள். முதல் நாள் குழந்தை அந்தப் பொருளை ஆராயும். அதைக்கொண்டு எதையேனும் சொல்லத் தொடங்குவது அதன் பிறகுதான்.

ஏறத்தாழ ஒன்றரை வயதில் கிறுக்கல் தோன்றும். மூன்று, நான்கு வயதில் பெரிய வட்டத்திலிருந்து நேராகக் கால்கள் நீளும் மனித உருவம் வரும். உடலை விட்டுவிட்டதாகத் திருத்தத் தேவையில்லை. குழந்தையின் தாளில் ஆசிரியர் ஒரு கோடும் போடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "எனக்கு நாய் வரைஞ்சு குடுங்க" என்று கேட்கும் குழந்தைக்கு நாயை வரைந்து கொடுத்தால், அடுத்த முறையும் அது நம்மிடமே வரும். நாயின் காது எங்கே இருக்கிறது, நிற்கும்போது வால் எப்படி இருக்கும் என்று சேர்ந்து பேசிப் பார்த்தால், கை தானாக நகரத் தொடங்கும். முன்கூட்டியே வெட்டி வைத்த வடிவங்களை எல்லாரும் ஒரே மாதிரி ஒட்டும் வேலைக்கும் இங்கே இடமில்லை.

"இது என்ன?" என்ற கேள்வியை நிறுத்திக்கொள்வது எளிதன்று. நாம் காண்பதைச் சொல்வது அதைவிட நல்ல தொடக்கம்: "இந்த நீலக் கோடு தாளின் ஓரம் வரைக்கும் போயிருக்கே." குழந்தை சொல்ல விரும்பினால் சொல்லும். சொன்னதை அது சொன்ன சொற்களிலேயே தாளின் பின்புறமோ தனி அட்டையிலோ தேதியோடு எழுதுங்கள். வேலை நடக்கும்போதே இரண்டொரு படம் எடுத்து வைத்தால், பறவையின் கால் நான்கு முறை மாறிய கதையைப் பெற்றோருக்கும் காட்ட முடியும். காட்சிக்கு வைப்பவை சிலவே இருக்கட்டும். அவை குழந்தையின் கண்ணுயரத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவில் தொங்கட்டும்.

முடியாத வேலையின் இருப்பிடம்

கம்பித் தட்டுகள் அடுக்கிய உலர்த்தும் அலமாரி இருந்தால் நல்லது. இல்லையென்றால் மேலே ஒரு கயிறும் கிளிப்புகளும் போதும், ஆனால் கெட்டி வண்ணம் பூசிய தாளைத் தொங்கவிடாமல் தட்டையாக வையுங்கள். களிமண் வேலைகளுக்குச் சிறு பலகைகள் தேவை. குழந்தை முதலிலிருந்தே பலகையின்மேல் வேலை செய்தால், உருவத்தைத் தொடாமல் அப்படியே தூக்கி வைக்கலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் அது தேர்ந்தெடுத்த குறியும் பெயரும் உள்ள அட்டை ஒன்று இருக்கட்டும். அட்டை வைத்த வேலையை வேறு எவரும், ஆசிரியர் உட்பட, அசைக்கக் கூடாது. இடம் நிரம்பிவிட்டால் எதைக் கலைக்கலாம் என்று குழந்தையைக் கேட்டே கலையுங்கள். பல குழந்தைகள், தேவையானதைச் சொல்லிவிட்ட நிறைவோடு, தங்கள் உருவத்தைத் தாங்களே பிசைந்து வாளியில் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுக்கி வைக்கும் நேரத்தை முன்கூட்டியே, பத்து நிமிடம் இருக்கும்போது மெல்லிய குரலில் ஒவ்வொரு மேசையிலும் சொல்லுங்கள். "இன்றைக்கு முடிந்ததா, நாளைக்கும் வேண்டுமா?" என்று கேட்டால் குழந்தை தன் வேலையை ஒரு முறை நின்று பார்க்கும். மேசை துடைப்பதும் தூரிகை அலசுவதும் குழந்தைகளின் வேலைகளே. சிறு கைக்கு ஏற்ற துணியும் வாளியும் இருந்தால் விருப்பத்தோடு செய்வார்கள்.

அறையைப் பூட்டுமுன் நாளைக்கு என்று அட்டை வைத்த களிமண் உருவங்களை ஒரு சுற்றுப் பாருங்கள். இன்னும் பிசைய வேண்டியவற்றை ஈரத்துணியால் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் உறையை இறுக்கிக் கட்டுங்கள். இறுகி நிற்க வேண்டியவற்றை உறையால் மட்டும் தளர்வாக மூடுங்கள். மெல்லிய கால்களில் நிற்கும் உருவமானால், வயிற்றின் அடியில் கசக்கிய காகிதத்தை முட்டுக்கொடுத்து வையுங்கள். காலையில் அந்தக் குழந்தை வந்ததும் முட்டுக் காகிதத்தைத் தன் கையாலேயே எடுக்கட்டும்.